கெண்டைக்குத் தக்கைத் தூண்டில்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

தூண்டில் போட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த ராடு வாங்கலாம், எந்த ரீல் நல்லது என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் தக்கை, அதாவது நரம்பில் கட்டும் மிதவை, போட்டுக் கெண்டை பிடிக்க நினைத்தால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. மீன் எங்கே மேய்கிறது என்பது முதல் கேள்வி. அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு போட்டால் சாதாரணக் கோலே போதும், தெரியாமல் போட்டால் எவ்வளவு நல்ல சாமான் வைத்திருந்தாலும் தக்கை நாள் முழுக்க அசையாமல் நிற்கும்.

இங்கே கெண்டை என்று சொல்வது சாதாக் கெண்டையை. வாயோரம் இரண்டு ஜோடி மீசை, தடித்த உடம்பு, பொன்னும் பழுப்பும் கலந்த செதில். அங்கங்கே மட்டும் பெரிய பெரிய செதில் வைத்திருக்கும் கண்ணாடிக் கெண்டையும் இதே இனம்தான், பிடிக்கும் முறையில் வித்தியாசம் இல்லை. குளம், ஏரி, மெதுவாக ஓடும் ஆறு என்று எங்கே இருந்தாலும் கீழே சொல்கிற முறை பொருந்தும், வேகமான ஓட்டத்துக்கு மட்டும் வேறு தக்கை, வேறு கணக்கு, அதை இங்கே எடுக்கவில்லை.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். அந்தத் தண்ணீரில் தூண்டில் போட அனுமதி வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எந்த முள், எந்த இரை கூடாது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் கெண்டை வந்தேறி மீன் என்பதால் பிடித்ததை உயிரோடு திரும்பத் தண்ணீரில் விடுவதே குற்றம், வேறு பல நாடுகளில் விட்டே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் குளங்கள் நிறைய. இரண்டாவது, தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடத்தில் கோலை நிமிர்த்தவே கூடாது. இன்றைய கோல்கள் பெரும்பாலும் கார்பன், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடித்தாலும் அதே காரணம்தான், கோலைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

கெண்டை எப்படிச் சாப்பிடுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தக்கையைப் பார்த்தால் அது சொல்வது புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கெண்டை அடித்தரையில் மேய்கிற மீன். தலையைக் கீழே சாய்த்து, வாயைக் குழாய் மாதிரி முன்னே நீட்டி, சேற்றோடு சேர்த்து உறிஞ்சும். உள்ளே போனதில் தின்னத் தக்கதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிவிடும். வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல், நத்தை ஓட்டைக்கூட அங்கே வைத்து நசுக்கிவிடும். மீசையாலும் வாயாலும் ருசி பார்க்கும். காதும் கூர்மை, காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் நடுவே சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இருப்பதால் கரையில் நீங்கள் பெட்டியைத் தொப்பென்று வைக்கும் சத்தம் அதற்கு நன்றாகக் கேட்கும்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது மூன்று செய்தி. இரை தரையில் அல்லது தரையை ஒட்டி இருக்க வேண்டும். உறிஞ்சித் துப்புகிற மீன் என்பதால் தக்கை முதலில் நடுங்கும், ஆடும், அது கடி ஆகாது. கரையில் நடக்கும்போதும் உட்காரும்போதும் மெதுவாக இருந்தால் மீன் காலடியிலேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முடிந்தவரை தூரமாக வீசப் பார்க்கிறார்கள், ஆனால் கெண்டை மேய்வது பெரும்பாலும் கரையோரத்தில். கரை மண் சரிந்து இறங்கும் இடம், நாணலின் ஓரம், தாழ்ந்த மரக்கிளையின் நிழல் என்று பூச்சியும் புழுவும் சேரும் இடமெல்லாம் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. தக்கைத் தூண்டிலின் பலமே இந்தக் கரையோரம்தான். பத்து அடி தள்ளி, அலுங்காமல், சரியான ஆழத்தில் இரையை வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இடம் பார்ப்பது

கோலை உறையிலிருந்து எடுக்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீருக்குள் பார்வை இறங்கும். தேட வேண்டியவை: கொத்துக் கொத்தாக மேலே வரும் சின்னச் சின்னக் குமிழிகள், திடீரென்று கலங்கித் தெரியும் ஒரு திட்டு, காற்றே இல்லாதபோது அசையும் நாணல் தண்டு, புரண்டு போகும் முதுகு. குமிழி எல்லாமே மீன் இல்லை, அழுகிய சேற்றிலிருந்து வாயுவும் வரும், ஆனால் அது ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். மேய்கிற மீனின் குமிழி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகும்.

காற்று ஒரு பக்கமாக வெகுநேரம் அடித்திருந்தால், மிதமான வெப்ப நாளில், காற்று போய் மோதுகிற கரையில் முதலில் பாருங்கள். எதிர்க்காற்றில் உட்காருவது சிரமம்தான், ஆனால் இரையும் உணவும் அங்கேதான் ஒதுங்கும். தண்ணீரின் சூடும் முக்கியம். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே போனால் கெண்டை மந்தமாகிவிடும், 18-லிருந்து 25 டிகிரிக்குள் நன்றாக மேயும். விடியலும் மாலையும் நல்ல நேரம் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் கடும் வெயில் காலத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடித் திணறுவதைப் பார்த்தால் அன்று போடாதீர்கள், தண்ணீரில் பிராணவாயு குறைந்திருக்கிறது, அந்த நிலையில் தூண்டிலில் போராடிய மீன் விட்டாலும் பிழைப்பது கடினம்.

முதல்முறைக்கு 60 செ.மீ.-யிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை ஆழமுள்ள, பக்கத்தில் பெரிய வேரோ மூழ்கிய மரமோ இல்லாத இடமாக எடுங்கள். முள் மாட்டியதும் கெண்டை ஓடுவது அந்த மறைவுக்குள்தான், அங்கே போய்விட்டால் புதியவரால் வெளியே கொண்டுவர முடியாது.

சாமான்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 11-லிருந்து 13 அடி நீளமுள்ள, அடிவரை வளைந்து கொடுக்கும் கோல். குட்டையான விறைப்பான கோலில் தக்கையைக் கையாளவும் முடியாது, கெண்டையின் திடீர் ஓட்டத்தைத் தாங்கவும் முடியாது. நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல், 2500 முதல் 4000 வரை எண் போட்டிருப்பது, அதில் டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு, வழுவழுப்பாக இயங்க வேண்டும், மற்றதெல்லாம் அலங்காரம். தங்கூசி, அதாவது சாதாரண நைலான் நரம்பு, 6 முதல் 8 பவுண்டு, கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 2.7 முதல் 3.6. பின்னல் நரம்பு வேண்டாம். நைலான் இழுபட்டு நீளும், அந்த நீட்சிதான் புதிய கையின் பதற்றத்தை மன்னிக்கிறது.

முள் 8-லிருந்து 14 வரை. எண் கூடினால் முள் சிறியது என்பதை மறக்க வேண்டாம். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர் இல்லாத முள்ளையே வாங்குங்கள், அல்லது அந்தக் கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளர விடாமல் வைத்திருந்தால் மீன் கழன்று போகாது, கழற்றுவதும் ஒரு நொடி வேலை, உங்கள் விரலில் ஏறினாலும் அப்படித்தான்.

தக்கை, செங்குத்தாக நிற்கும் நீளமான வகை, அடிப்பக்கத்தில் மட்டும் நரம்பு கோக்கும் வளையம் உள்ளது. ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் வேக்லர் என்று சொல்வது இதைத்தான். அடியில் மட்டும் கட்டுவதால் நரம்பு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும், காற்று அதை இழுத்துக்கொண்டு போகாது. தக்கையை நிமிர்த்தி நிறுத்த நரம்பில் பொருத்தும் சிறு குண்டு ஈயமாக இருக்க வேண்டியதில்லை. நீர்ப்பறவைகள் அதை விழுங்கிச் செத்துப்போவதால் பிரிட்டனில் 1987 முதல் தூண்டிலுக்கான சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை, ஈயமில்லாத மென்உலோகக் குண்டுகள் கிடைக்கின்றன, அவையே போதும்.

இவற்றோடு அகலமான, முடிச்சில்லாத கண்ணி உள்ள கைவலை, முள் கழற்ற நீள மூக்குக் குறடு, மீனைப் படுக்கவைக்க ஒரு மெத்தை விரிப்பு. வலை இல்லாமல் கெண்டைக்குப் போகாதீர்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் நரம்பு அறும், இல்லையென்றால் மீனின் வாய் கிழியும்.

கட்டுகிற முறை

கோலை மாட்டி, ரீலிலிருந்து நரம்பை எல்லா வளையங்கள் வழியாகவும் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் விட்டுப்போயிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், எல்லாம் கட்டி முடித்த பிறகு பார்த்தால் எரிச்சல்தான் மிச்சம். தக்கையின் அடி வளையத்தில் நரம்பைக் கோத்து, வளையத்துக்கு மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு கடித்தாற்போல் பொருத்துங்கள். பல்லால் கடிக்காதீர்கள், குறடால். இந்த இரண்டு குண்டும்தான் தக்கையை அதே இடத்தில் நிறுத்தும், ஆழம் மாற்ற வேண்டுமென்றால் நரம்பை நனைத்துக்கொண்டு இரண்டையும் நகர்த்தினால் போதும். காய்ந்த நரம்பில் இழுத்தால் உரசலின் சூட்டிலேயே நரம்பு பலவீனமாகும்.

நுனியில் முள். முடிச்சு எதுவாக இருந்தாலும் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் புதியவர்களுக்குச் சொல்வது இது: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, திருப்பிக் கொண்டுவந்து, முதன்மை நரம்பையும் சேர்த்து ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள்ளாக ஐந்து ஆறு சுற்று சுற்றி, எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். யூனி முடிச்சு என்பது இதுதான். கட்டியதும் கையில் சுற்றிப் பலமாக இழுத்துப் பாருங்கள், அறுகிறதென்றால் இங்கேயே அறட்டும். முள்ளுக்கென்று தனியாக மெல்லிய நரம்பு கட்டுகிற வழக்கமும் உண்டு, அதில் காரணம் இருக்கிறது, ஆனால் ஆரம்பத்தில் நேராகவே கட்டுங்கள். ஒரு முடிச்சு குறைந்தால் அறுவதற்கு ஓர் இடம் குறைகிறது.

அடுத்து குண்டுக் கணக்கு. தக்கையில் அது தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். பிபி என்பது குண்டின் ஓர் அளவு, 3பிபி என்றிருந்தால் ஒரு பிபி 0.4 கிராம், ஆக 1.2 கிராம். அதில் பெரும்பங்கு தக்கையின் அடியில் வர வேண்டும், அப்போதுதான் வீசும்போது சிக்காது. இரண்டு பிபி குண்டுகள் தக்கையைப் பூட்டிவிட்டன, 0.8 கிராம் ஆயிற்று. மீதி 0.4-க்கு 4-ஆம் எண் குண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 0.2 கிராம். ஒன்றைத் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில் வையுங்கள், இன்னொன்றை முள்ளிலிருந்து 10, 15 செ.மீ. மேலே. சரியாகப் பொருத்தினால் தக்கையின் வண்ண நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வெளியே தெரியும். ஒரு சாண் வெளியே நின்றால் மீனுக்கு அது பாரம், உறிஞ்சியதும் எதிர்ப்பை உணர்ந்து துப்பிவிடும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.

ஆழம் பார்ப்பது

இதற்கு எடுத்துக்கொள்ளும் பத்து நிமிடத்தைக் குறைக்கவே கூடாது. அடித்தளத்தில் மேய்கிற மீனுக்கு இரை அரை மீட்டர் உயரத்தில் தொங்கினால் அது இல்லாததற்குச் சமம்.

ஆழக் குண்டு என்று அடியில் கார்க் துண்டு ஒட்டிய கனமான குண்டு கிடைக்கும், முள்ளை அந்தக் கார்க்கில் குத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் உங்கள் தக்கையை மூழ்கடிக்கும் அளவுக்குப் பெரிய குண்டு ஒன்றை முள்ளின் வளைவில் மாட்டிக்கொள்ளுங்கள். உத்தேசமாக ஓர் ஆழம் வைத்து, நீங்கள் போடப்போகும் அதே இடத்தில் மெதுவாக இறக்குங்கள். தக்கை முழுக மூழ்கிப்போனால் வைத்த ஆழம் போதவில்லை, தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை சாய்ந்து படுத்தாலோ உயரமாக நின்றாலோ ஆழம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்படி நிற்கும்போது தக்கையிலிருந்து முள் வரை உள்ள தூரம்தான் அங்கே உள்ள ஆழம்.

ஓர் இடத்தில் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஓர் அடி இடப்பக்கம், ஓர் அடி வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் கிட்டே. கரையிலிருந்து தரை சரிந்து இறங்கி, பிறகு தட்டையாகும் இடம் ஒன்று கிடைக்கும். சரிவில் உருண்டு வரும் உணவெல்லாம் அந்த அடிவாரத்தில்தான் தங்கும், மீனும் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும். அந்தத் தட்டை தொடங்கும் கோட்டில் உங்கள் இரை இருக்க வேண்டும். குண்டை இழுக்கும்போது கையில் தெரிவதையும் கவனியுங்கள், உறுதியான தரையில் தட்டென்று வரும், சேற்றில் ஒட்டிக்கொண்டு வரும், பாசியில் நார் நாராகச் சிக்கும். ஆழமான சேறோ அடர்ந்த பாசியோ என்றால் கொஞ்சம் நகர்ந்து பாருங்கள், இரை அதற்குள் புதைந்து மறையும்.

ஆழம் கிடைத்ததும் முள்ளைக் கோலின் அடிப்பகுதியில் உள்ள ஒரு வளையத்தில் மாட்டி, நரம்பை இறுக்கி, தக்கை கோலில் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே ஒரு சின்ன ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். பிறகு நரம்பு அறுந்து மறுபடி கட்ட நேர்ந்தாலும் அதே ஆழம் உடனே கிடைக்கும். கடைசியாக, அளந்த ஆழத்தைவிட 5 முதல் 10 செ.மீ. அதிகம் வையுங்கள். இரை தரையில் படுத்திருக்கும், கடைசிக் குண்டு தரையை ஒட்டி நிற்கும், கெண்டைக்கு அதுதான் வசதி.

இரையும் தூவலும்

மக்காச்சோளம், மண்புழு, ரொட்டி. இந்த மூன்றும் போதும், வாசனைப் பொடிகளின் பின்னால் இப்போதைக்குப் போக வேண்டாம். டப்பாவில் வரும் இனிப்பு மக்காச்சோளம் மிக எளிது. 12 அல்லது 14-ஆம் எண் முள்ளில் ஒரு மணி, 8 அல்லது 10-இல் இரண்டு, தோலின் ஓரமாகக் குத்தி முள் நுனி வெளியே தெரிய விடுங்கள். நுனியை மறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, மறைத்தால் கடி வரும், மீன் மாட்டாது. மண்புழுவை இரண்டு இடத்தில் மட்டும் குத்தினால் நெளிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதற்குச் சின்ன மீன்களும் வந்து தொல்லை கொடுக்கும். ரொட்டியின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து முள்ளின் தண்டில் மட்டும் அழுத்தி, சுற்றியுள்ளதைப் பஞ்சாகவே விடுங்கள், தண்ணீரில் ஊறி மெதுவாக இறங்கும்.

காய்ந்த தானியத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு நாள் ஊறவைத்து, மென்மையாகும்வரை வேகவைத்தே போடுங்கள். பச்சையாகப் போட்டால் மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும், அதன் உயிருக்கு ஆபத்து.

தூவல் என்பது முள்ளைச் சுற்றி மீனை வரவழைத்து அங்கேயே நிறுத்தப் போடும் உணவு. ஆழம் பார்த்து முடித்ததும் ஒரு சிறு கைப்பிடி சோளத்தை அந்த இடத்தில் போட்டுவிட்டு உடனே தூண்டில் போடாமல், கொஞ்ச நேரம் அலுங்காமல் இருங்கள். அப்புறம் பத்து நிமிடத்துக்கொருமுறை ஐந்தாறு மணி போதும். மீன் வந்தது தெரிந்ததும் கை தானாக நிறையப் போடப் பார்க்கும், அடக்கிக்கொள்ளுங்கள். தரையில் நூறு மணி கிடந்தால் உங்கள் முள்ளில் உள்ள மணியை அது எடுக்க என்ன அவசரம்? போட்டதை வெளியே எடுக்க முடியாது, குறைவாகப் போட்டிருந்தால் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

போடுவதும் தக்கையைப் பார்ப்பதும்

ரீலின் டிராக்கை இப்போதே சரிசெய்யுங்கள். கோலை யாராவது பிடித்துக்கொள்ள நீங்கள் நரம்பை இழுத்தால், கோல் நன்றாக வளைந்த பிறகு, அறுவதற்கு வெகு முன்பே, நரம்பு தடங்கலில்லாமல் வெளியே வர வேண்டும். மீன் மாட்டிய பிறகு திருகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கரையோரத்துக்கு வீச வேண்டியதில்லை, இரையைக் கையில் பிடித்து ஊஞ்சல்போல முன்னே ஆட்டி விட்டால் போதும். குறித்த இடத்துக்குச் சற்று அப்பால் விழவைத்து, கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ரீலை இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுற்றுங்கள், நரம்பு மூழ்கும், தக்கை சரியான இடத்துக்கு வந்து சேரும். நரம்பு மூழ்க மறுத்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி தொட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் பசை போய் மூழ்கும். கோலைத் தாங்கியில் வைக்கலாம், ஆனால் கையெட்டும் தூரத்திலேயே இருங்கள். கெண்டை கோலையே இழுத்துக்கொண்டு போய்விடும், இது மிகைப்படுத்தல் இல்லை.

இனி தக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சின்னச் சின்னதாகத் துடித்தால் சிறு மீன் கொத்துகிறது. பக்கவாட்டில் ஒரு கையளவு நகர்ந்து மறுபடி நிமிர்ந்தால், அல்லது சட்டென்று ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்து மீண்டால், பெரிய மீன் ஒன்று பக்கத்தில் மேய்கிறது, அதன் உடம்போ துடுப்போ நரம்பில் உரசியிருக்கிறது. இதுதான் புதியவர்கள் ஏமாறும் இடம். இந்த உரசலுக்குக் கோலைச் சொடுக்கினால் முள் மீனின் வயிற்றிலோ துடுப்பிலோ மாட்டும், அல்லது எதிலும் மாட்டாமல் அந்த இடத்தில் இருந்த எல்லா மீனும் கலைந்துபோகும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உண்மையான கடி வேறு மாதிரி, தக்கை சாய்ந்து, நிதானமாக ஒரு பக்கம் நகர்ந்து, அப்படியே சறுக்கித் தண்ணீருக்குள் மறையும், மேலே வராது. சில சமயம் தலைகீழாக நடக்கும். தரையை ஒட்டிய குண்டையும் சேர்த்து மீன் தூக்கிவிடும், பாரம் குறைந்த தக்கை எழும்பி நிற்கும். எழும்பி அப்படியே நின்றால் அதுவும் கடிதான்.

இந்த எழும்பும் கடியையே பிரதானமாக வைத்து ஒரு கட்டும் உண்டு, அசையாத தண்ணீரில் எனக்கு மிகவும் பிடித்தது. தக்கையின் அடியில் குண்டு எதுவும் இல்லாமல் ரப்பர் துண்டால் மட்டும் நரம்பில் பிடித்து, தக்கையை மூழ்கடிக்கும் ஒரே பெரிய குண்டை முள்ளிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் வைக்க வேண்டும். ஆழத்தைவிட ஒரு சாண் அதிகம் வைத்துப் போட்டு, கோலைத் தாங்கியில் வைத்து, தக்கை நுனி மட்டும் தெரியும்வரை நரம்பை இறுக்குங்கள். கெண்டை இரையை எடுத்துத் தலையை நிமிர்த்தியதும் குண்டு தரையை விட்டு எழும், தக்கை துள்ளி எழுந்து தண்ணீர்மேல் படுத்துவிடும். அந்தக் கணம் கோலை உயர்த்த வேண்டும். முதல் கட்டு கைக்குப் பழகிய பிறகு இதைச் செய்து பாருங்கள்.

கோலை உயர்த்துவது என்றால் தோளுக்குப் பின்னால் வீசி இழுப்பது என்று அர்த்தமில்லை. மணிக்கட்டையும் முன்கையையும் சேர்த்து உறுதியாக ஒரு தூக்கு, நரம்பு விறைத்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இத்தனை பக்கத்தில் அதற்குமேல் பலம் தேவையே இல்லை.

மாட்டிய பிறகு

முதல் ஓட்டத்தைத் தடுக்காதீர்கள். கோலை உயர்த்தி வளைவாகவே வைத்திருங்கள், ரீல் நரம்பைக் கொடுக்கட்டும். டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு முறுக்கேறும், அவ்வளவுதான் நடக்கும். ஓட்டம் நின்றதும் கோலை மெதுவாகத் தூக்கி, தாழ்த்தும்போது நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள், இப்படியே மறுபடி மறுபடி. எந்த நேரத்திலும் நரம்பு தளரக் கூடாது, கூர் இல்லாத முள் அப்போதுதான் கழலும். நாணலுக்கோ வேருக்கோ போகப் பார்த்தால் கோலை எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மேல்நோக்கி இழுப்பதைவிடப் பக்கவாட்டு இழுப்பு மீனின் தலையைத் திருப்பும், தலை திரும்பினால் உடம்பு தானாக வரும்.

கரைக்கு வந்ததும் களைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வலையைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் நிச்சயம் வரும், அதற்கு நரம்பு கொடுக்கத் தயாராக இருங்கள். வலையை முன்கூட்டியே நனைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடியுங்கள். மீனின் தலை மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கியதும் அதை வலைக்கு மேலாக இழுத்து வாருங்கள், பிறகு வலையை உயர்த்துங்கள். வலையைக் கொண்டுபோய் மீனைத் துரத்தாதீர்கள், வால் பக்கமாகக் கோரவும் பார்க்காதீர்கள், பெரிய மீன்கள் தப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தூக்கும்போது கைப்பிடியைப் பிடித்து நெம்பினால் உடைந்துபோகும், வலையின் சட்டத்தையோ கண்ணியையோ சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள்.

மெத்தையை நனைத்து, கையையும் நனைத்து, மீனைப் படுக்கவைத்து முள்ளைக் கழற்றுங்கள். மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்கு நோய் வராமல் காக்கும் உறை, காய்ந்த கையும் காய்ந்த தரையும் அதை உரித்துவிடும். முள் பெரும்பாலும் கீழுதட்டில்தான் இருக்கும், குறடால் பிடித்து வந்த வழியிலேயே தள்ளினால் வந்துவிடும். படம் எடுப்பதென்றால் மண்டியிட்டு, மெத்தைக்குச் சற்று மேலேயே பிடித்து எடுங்கள். நின்றுகொண்டு பிடித்த மீன் துள்ளி விழுந்தால் அதன் உள்ளுறுப்புகள் சிதையும். விடுவதாக இருந்தால் தூக்கி எறியாமல், தண்ணீருக்குள் வயிறு கீழே இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள், அதுவாக உந்திக்கொண்டு போகும்வரை. சமைக்க வைத்துக்கொள்வதாக இருந்தால், அங்கே அனுமதி இருந்தால், மூச்சுத் திணறிக் கிடக்க விடாமல் உடனே தலையில் ஓங்கி அடித்து முடித்துவிடுங்கள்.

கடி வரவே இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் ஆழத்தை மறுபடி பாருங்கள். அப்புறம் இரையை மாற்றுங்கள், சோளத்திலிருந்து புழுவுக்கு. அதன் பிறகு முள்ளை ஓர் அளவு சிறிதாக்குங்கள். இத்தனைக்கும் தக்கை அசையவில்லை, குமிழியும் இல்லை என்றால் எழுந்து வேறு இடம் போங்கள், முன்பு நடந்து பார்த்தபோது இரண்டாவதாகப் பிடித்த இடம் ஒன்று மனதில் இருக்கும்.

மீன் கிடைத்திருந்தால் அவசரமாக மறுபடி போடாதீர்கள். தக்கைக்குக் கீழே உள்ள நரம்பை விரல்களுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள், வெட்டிய துண்டு பையில் போகட்டும், கரையில் கிடந்தால் பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். முள் நுனியை நகத்தில் வைத்து இழுத்தால் கீறிப் பிடிக்க வேண்டும், வழுக்கினால் வேறு முள். ஒட்டுத்தாள் அடையாளத்தோடு ஆழத்தைச் சரிபார்த்து, ஐந்தாறு சோளமணியைத் தூவி, கலங்கிய தண்ணீர் அடங்கியதும் அதே இடத்தில் போடுங்கள்.